பல் செட் கம்பெனியின் பேரிடர் அதிகாரி

அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதலாளி அவரைவிட ஆறு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஆர்டர் எழுத வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ அப்படிக் கூப்பிட்டுவிட்டார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் இன்னொரு பட்டப்பெயரும் உண்டு: 'இன்னொரு தடவை'. பெட்டியை ஒட்டி முடித்த பிறகும், "எதுக்கும் இன்னொரு தடவை நம்பரைப் பாத்துடுங்க" என்று சொல்லாமல் அவர் எதையும் வெளியே அனுப்பியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கிய பிறகும் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர். அவருடைய வீட்டுக்காரர் அதற்கென்றே கீழே ஒரு படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டப் பழகிக்கொண்டிருந்தார்.

கம்பெனி செய்வது செயற்கைப் பல். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். இங்கே டிசைனர் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, இல்லாத பல்லுக்கு ஒரு வடிவம் கொடுப்பார். பீரோ அளவுள்ள ஒரு மெஷின் அந்த வடிவத்தை வெள்ளைக் கட்டியிலிருந்து செதுக்கித் தள்ளும். அதைத் தேய்த்து, நிறம் ஏற்றி, நம்பர் ஒட்டிய சின்னப் பெட்டியில் போட்டு டாக்டருக்கு அனுப்புவார்கள். நாலைந்து வருடம் கழித்து அந்தப் பல் உடைந்தால் கவலையில்லை. பழைய ஃபைலைத் திறந்து அதே பல்லை மறுபடி செதுக்கிவிடலாம். நோயாளி வந்து வாயைத் திறக்கவே வேண்டாம். இப்படி முப்பதாயிரம் பேருடைய வாய் அந்தக் கம்பெனியின் ஒரே சர்வரில் இருந்தது.

முதலாளி நல்லவர். அவருக்கு இருந்த ஒரே பலவீனம், சட்டம் போட்ட காகிதம். வரவேற்பறைச் சுவரில் பதினேழு சான்றிதழ் தொங்கின. அதில் ஒன்று, மற்ற பதினாறையும் ஒழுங்காகப் பராமரித்ததற்காகக் கொடுத்தது.

ஒருநாள் சிறுதொழில் செய்கிறவர்களுக்கான கருத்தரங்கம் ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது முகம் வெளுத்திருந்தது. மேடையில் பேசிய ஆலோசகர், "நாளைக்குக் காலைல உங்க சர்வர் எழுந்திருக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாராம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பணம் கட்டினால் பாதி விலை என்றதும் முதலாளி அங்கேயே கட்டிவிட்டார்.

மூன்றாம் வாரம் திட்டம் வந்து சேர்ந்தது. 'பேரிடர் மீட்பு மற்றும் தரவுப் பாதுகாப்புத் திட்டம்.' நூற்றுப் பன்னிரண்டு பக்கம், சுருள் கம்பி போட்டு, பிளாஸ்டிக் அட்டையோடு. கொண்டுவந்த ஆலோசகர் மெல்லிய மனிதர். டையை அடிக்கடி நீவிவிட்டுக்கொள்வார். பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்காமல், அவர் தலைக்குப் பின்னால் திரை இருப்பதுபோல அங்கேயே பார்ப்பார்.

திட்டத்தின்படி ஒரு குழு அமைக்க வேண்டியிருந்தது. தலைவர், முதலாளி. தொழில்நுட்பத் தலைவர், முதலாளியின் மச்சான். முதலாளி மனைவியின் தம்பியான அவரை நேரில் சார் என்றும் மற்ற நேரத்தில் மச்சான் என்றும் எல்லோரும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பு அவருக்கு எப்படி வந்தது என்றால், தன் கூடப்பிறந்த அக்காவின் புருஷன் கம்பெனியில் வேறு நாற்காலி காலியாக இல்லை.

மிச்சம் இருந்தது பேரிடர் அதிகாரி என்ற பதவி.

"யாரு எதையும் நம்பாம ரெண்டு தடவை பாக்கறாங்களோ அவங்கதான் இதுக்கு லாயக்கு" என்றார் முதலாளி. எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள்.

"சம்பளம் ஏறுமா சார்?" என்று கேட்டார் அக்கா.

"மரியாதை ஏறும் அக்கா."

மரியாதை ஆரஞ்சு நிறத்தில் வந்தது. முதுகில் எழுத்துப் பொறித்த மேல்சட்டை. அழுக்காகிவிடும் என்று முதலாளி அதைப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் தன் அலமாரியிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

கையில் ஒரு பொறுப்பு வந்துவிட்டதால் அக்கா செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். திட்டத்தைப் படித்தார். முதல் பக்கத்திலிருந்து, தினமும் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பக்கம். முதலாளி படிக்கவில்லை, மச்சான் படிக்கவில்லை, ஆலோசகரும் படித்திருக்க வாய்ப்பில்லை என்பது மூன்றாம் நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்துநாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'அசம்பாவிதம் நேர்ந்த முப்பது நிமிடத்துக்குள் பற்களைப் பனிக்கட்டியில் புதைக்கவும். செவுள் சிவப்பாக இல்லாத பற்களையும், கண் மங்கிய பற்களையும் உடனே அப்புறப்படுத்தவும். நாற்றம் பரவும் முன் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்கவும்.'

அக்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆலோசகருக்கு ஃபோன் போட்டார்.

"சார், இது மீன் கம்பெனிக்கு எழுதுனதா?"

"அது பொதுவான வாசகம் மேடம். தொழிலுக்கு ஏத்த மாதிரி பொருளோட பேரை மட்டும் மாத்திருக்கோம்."

"பல்லுக்குச் செவுள் கிடையாதே சார்."

"சான்றிதழ் குடுக்க வர்ற ஆடிட்டர் பக்கத்தை எண்ணுவார் மேடம். படிக்கமாட்டார்."

இதில் இன்னொரு விஷயம்தான் அக்காவுக்கு உறுத்தலாக இருந்தது. 'முக்கியமான பொருட்கள் அனைத்தும் வடிகால் வசதியுள்ள அறையில் வைக்கப்பட வேண்டும்' என்று இருபத்தோராம் பக்கம் சொன்னது. மீனுக்கு அது நியாயம். கழுவிவிட வேண்டுமே. ஆனால் அதற்காக, அதுவரை டிசைனர் அறையில் உயரமான தட்டில் இருந்த சர்வரைக் கீழே இறக்கி, பாத்திரம் கழுவும் சின்ன அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டடத்தில் வடிகால் இருந்த அறை அது ஒன்றுதான். அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், பத்து மெஷின் ஓடும் சலவைக் கடை.

"தண்ணி கிட்ட வேண்டாமே சார்" என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார்.

"தண்ணி வந்தாலும் போறதுக்கு வழி இருக்குல்ல அக்கா. அதுதானே திட்டம்."

சர்வரில் இருப்பதை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்கும் பேக்கப், மச்சானின் வேலை. வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குக் கழுத்தில் தொங்கும் சாவியை எடுத்து அறையைத் திறப்பார். அஞ்சு நிமிடத்தில் வெளியே வந்து, படிவத்தில் 'வெற்றி' என்ற கட்டத்தில் பச்சை மையில் டிக் அடிப்பார். மூன்று வருடத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டிக். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"ஒரே ஒரு டிஸ்க்தான் அக்கா. மூணு வருஷமா அதையே ஓட்டிட்டிருக்கேன். இன்னும் காலியாவே இருக்கு, நிரம்பவே மாட்டேங்குது" என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

அந்தப் பெருமை அக்காவின் மனதில் முள்ளாகத் தைத்தது. முப்பதாயிரம் வாய் உள்ளே போகிறது, டிஸ்க் நிரம்பவில்லை என்றால் அது எங்கே போகிறது?

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதையே சொன்னார். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கம்பி வடத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்துவிட்டு வருபவர், அதிகம் பேசமாட்டார்.

"ஆறு மாசத்துக்கு ஒருதடவை நாங்க லிஃப்ட்ல மணல் மூட்டை ஏத்தி, வேணும்னே பிரேக் பிடிக்குதான்னு பாப்போம்" என்றார். "பிரேக் நல்லா இருக்குன்னு பேப்பர்ல எழுதி வச்சா போதும்னா மூட்டை எதுக்கு?"

"அப்ப நானும் ஒரு மூட்டை ஏத்திப் பாக்கறேன்."

"பாரு. ஆனா சொல்லிட்டுப் பாக்காத. சொன்னா அன்னிக்கு மட்டும் பிடிக்கும்."

அடுத்த திங்கட்கிழமை, ரெண்டு வருடத்துக்கு முந்தின ஒரு நோயாளியின் கேஸ் ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி மச்சானிடம் கேட்டார்.

"அதெல்லாம் தொடக் கூடாது அக்கா. திரும்ப எடுத்தா பேக்கப் கலைஞ்சிடும்."

"எடுக்கவே கூடாதுன்னா எதுக்கு வச்சிருக்கோம் தம்பி?"

"பாதுகாப்புக்கு."

டிஸ்க் சர்வர் அறையில் பூட்டியிருக்கவில்லை. மச்சானின் மேஜை டிராயரில், ரப்பர் பேண்டுகளுக்கும் ஒரு பழைய சீப்புக்கும் நடுவே கிடந்தது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அக்கா அதை எடுத்து, வரவேற்பறையில் இருந்த பழைய லேப்டாப்பில் செருகினார். வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள மட்டும் வைத்திருந்த லேப்டாப் அது, ஆஃபீஸ் இணைப்பு எதுவும் கிடையாது. டிஸ்க்கில் ஒரே ஒரு மஞ்சள் ஃபோல்டர் படம். 'கேஸ்கள்' என்று பெயர். மூலையில் வளைந்த சின்ன அம்புக்குறி. திறந்தார். இந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது கம்ப்யூட்டர். அளவைப் பார்த்தார். இரண்டு கேபி. ஒருவருடைய முன்பல் ஒன்றின் ஓரம்கூட அதில் அடங்காது.

டிசைனரைக் கூப்பிட்டுக் காட்டினார். டிசைனர் முப்பது வயதுப் பெண், வேலையில் கெட்டி. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, இது ஷார்ட்கட். சர்வர்ல இருக்கற ஃபோல்டருக்கு வழி காட்டற பலகை. வாரா வாரம் இந்தப் பலகையைத்தான் காப்பி பண்ணிருக்காரு. ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா சர்வருக்குப் போய்த் திறந்து காட்டும். அதனால எல்லாம் இருக்கற மாதிரியே தெரியும்."

"சர்வர் இல்லேன்னா?"

"பலகை மட்டும் இருக்கும்."

அக்கா டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். முதலாளி கேட்டார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ஆடிட்டர் வர்றார் அக்கா. சான்றிதழ் குடுக்கறாங்க. அதுவரைக்கும் எதையும் மாத்தக் கூடாதுன்னு ஆலோசகர் சொல்லிருக்கார்."

"தப்பா இருந்தாலும் மாத்தக் கூடாதா சார்?"

"இருக்கறதை இருக்கற மாதிரிதானே ஆடிட் பண்ணணும். வியாழக்கிழமை போகட்டும். அப்புறம், இதை மச்சான்கிட்ட சொல்லாதீங்க. அவன் வீட்டுக்குப் போய் அவங்க அக்காகிட்ட சொல்லுவான். நான் ராத்திரி சாப்பிடணும்."

அக்கா வெளியே வந்து, பேரிடர் அதிகாரியின் வாரப் படிவத்தை எடுத்தார். குறைகளை எழுதக் கட்டம் தேடினார். வெற்றி என்று ஒரு கட்டம், முழு வெற்றி என்று ஒரு கட்டம். மூன்றாவதாக ஒன்றும் இல்லை. படிவத்தைக் காலியாகவே திருப்பிக் கொடுத்தார். மச்சான் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நல்லபடியாக நடந்தது. ஆடிட்டர் பக்கங்களை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஒத்திகை என்ற பேரில் எல்லோரும் வரிசையாக வாசலுக்குப் போய் நின்றார்கள். முதலாளி ஆரஞ்சு சட்டையை உறையோடு தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பதினெட்டாவது சான்றிதழுக்குச் சுவரில் ஆணி அடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா முதல் வேலையாக, சர்வரை உண்மையாகவே காப்பி எடுக்கச் சாவி கேட்டு மச்சானைத் தேடினார். சர்வர் அறைச் சாவியோடும் பாஸ்வேர்டோடும் அவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை வருவார். திட்டத்தின் ஒன்பதாம் பக்கப்படி தொழில்நுட்பத் தலைவரைத் தவிர வேறு யாரும் சர்வரைத் தொடக் கூடாது. பூட்டை உடைக்கலாமா என்று ஒருகணம் யோசித்ததாகப் பிற்பாடு அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வருடமாக ஆர்டர் எழுதியவருக்குச் சுத்தியலைத் தூக்கக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சலவைக் கடையின் குழாய் வெடித்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு பாத்திரம் கழுவும் அறையின் கதவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து வந்தது. நுரை. துணிக்குப் போடும் வாசனைத் திரவத்தின் மணம் கம்பெனி முழுக்கக் கமகமவென்று பரவியது. அக்கா கத்தவில்லை, ஓடவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். செதுக்கும் மெஷின் பாதிப் பல்லோடு நின்றது. பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பினார். வடிகால் இருந்தது உண்மைதான். ஆனால் மேலேயிருந்து வந்த துணி நூல் அதை இரண்டு நிமிடத்தில் அடைத்துவிட்டது.

பத்தரைக்கு மச்சான் வந்து கதவைத் திறந்தார். சர்வர் முழங்கால் உயர நுரைக்குள் உட்கார்ந்திருந்தது. அதன் சின்னப் பச்சை விளக்கு இருந்த இடத்தில் ஒரு பெரிய குமிழி உப்பி, உடைந்தது.

முதலாளி திட்டத்தைத் தேடினார். "என்ன செய்யணும்னு போட்டிருக்கு பாருங்க" என்று மச்சானிடம் நீட்டினார். மச்சான் வேகவேகமாகப் பக்கம் புரட்டினார். மூன்று வருடத்தில் முதல்முறையாக உண்மையாகவே ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். திட்டத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். இருபது நிமிடம் கழித்து இரண்டு மூட்டை ஐஸ்கட்டியோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"முப்பது நிமிஷத்துக்குள்ளன்னு போட்டிருந்துது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அன்று அனுப்ப வேண்டிய பற்கள் ஒரு தட்டில் காய்ந்து, பத்திரமாக, மனிதர்களைவிட நிம்மதியாக இருந்தன. அவற்றை ஐஸில் வைப்பதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு மூட்டையை வாங்கி, நுரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிய டெலிவரிக்காரரின் காலில் வைத்துக் கட்டினார்.

சர்வரைப் பழுது பார்க்கிறவர் தூக்கிப் பார்த்தார். கவிழ்த்தார். சோப்புத் தண்ணீர் கொட்டியது. "இதுக்குள்ள போன எதுவும் சுத்தமா வெளிய வரும். ஆனா படிக்க வராது" என்றார். மச்சான் டிராயரிலிருந்து பேக்கப் டிஸ்க்கை எடுத்துவந்து கொடுத்தார். திறக்கவில்லை. முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா முதலாளியைப் பார்த்தார்.

"டிஸ்க்லயும் ஈரம் போயிருக்கும்" என்றார் முதலாளி, மச்சானின் முகத்தைப் பார்க்காமல். டிஸ்க் எலும்புபோல் உலர்ந்திருந்தது.

நாற்பத்தொரு கேஸ் பாதியில் நின்றது. அதில் எந்த வாய் எந்த நாளில் டாக்டர் நாற்காலியில் உட்காரப் போகிறது என்பதுகூட சர்வரோடும், நுரையில் ஊறிய ஆர்டர் சீட்டுகளோடும் போய்விட்டது. பழைய முப்பதாயிரமும் போச்சு. முதலாளி தன் அறையில் உட்கார்ந்து பதினெட்டாவது சான்றிதழின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

அக்கா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தார். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண் போட்டார். பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தார். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த டெலிவரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எங்கிட்ட ஃபோட்டோ இருக்கு."

"என்ன ஃபோட்டோ அண்ணா?"

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு கிளினிக்கில் அவர் பெட்டியைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். பெட்டி அங்கேயே குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. அன்றிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. ஸ்கேனோடு டாக்டர்கள் தரும் கடி அச்சுப் பார்சலை அக்காவிடம் ஒப்படைக்கும்போதும், பெட்டியைக் கிளினிக்கில் கொடுக்கும்போதும், அக்கா எழுதிய சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுவார். ஃபோனில் இடம் நிரம்பிப் பேரக் குழந்தையின் படத்தைக்கூட அழித்திருக்கிறார். பல் பெட்டியை அழித்ததில்லை.

அக்கா ஃபோனை வாங்கி நகர்த்தினார். கேஸ் நம்பர், டாக்டர், நிறம், தேதி, எல்லாம் அக்காவின் சொந்தக் கையெழுத்திலேயே வந்து நின்றன. அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "வெளிச்சம் பாத்து எடுத்திருக்கலாம்ல" என்றார்.

அன்று மதியத்துக்குள் நாற்பத்தொரு வரியும் நிரம்பின. அடுத்த சில நாள் ஃபோனிலேயே போயின. ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட்டார். ஸ்கேன் மெஷினில் அந்தக் கேஸ் இன்னும் அழியாமல் இருக்கிறதா, இருந்தால் மறுபடி அனுப்ப முடியுமா. சிலர் அனுப்பினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு டாக்டர், "உங்ககிட்ட சான்றிதழ் இருக்குன்னு போன வாரம்தானே மெயில் வந்துது" என்றார். "அது இருக்கு சார், பத்திரமா இருக்கு. மத்ததுதான் போயிடுச்சு" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் டிசைனர் அக்காவைக் கூப்பிட்டு, கழிவறைப் பக்கம் ஒதுக்கி, கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். ஒன்பதாயிரம் பழைய கேஸ்.

"நான் செஞ்சதுல நல்லா வந்ததை எல்லாம் எடுத்து வச்சிருந்தேன்" என்று தரையைப் பார்த்தார். "எதுக்குன்னு கேக்காதீங்க அக்கா."

எதுக்கென்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறவர்கள் காட்டுவதற்கு எதையாவது கையில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

"கேக்கல" என்றார் அக்கா. "இன்னொரு காப்பி நீயே வச்சுக்க. என்னிக்கானாலும் தேவைப்படும்."

நாலாம் நாள் மச்சான் வந்தார். சவரம் செய்யாத முகம். அக்காவின் மேஜையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு டிஸ்க்கை வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முழுசும் இதுல இருக்கு அக்கா. முப்பதாயிரமும்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் தனியா ஒரு பல் கம்பெனி வைக்கலாம்னு இருந்தேன். டாக்டர்ங்க இங்க வர்றதே பழைய ஃபைலுக்காகத்தானே. அதான் ஒரு காப்பி எடுத்து வீட்டுல பரண்ல வச்சிருந்தேன். மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டார். ஆனா நாலு நாளா நீங்க ஃபோன்ல கெஞ்சறதைப் பாத்துட்டு என்னால தூங்க முடியல. நான் திருடன்னே வச்சுக்கோங்க. கம்பெனி பொழைக்கட்டும்."

அந்த ஒரு நிமிடத்தில் அவர் உண்மையாகவே பெரிய மனிதராக இருந்தார். அக்கா மனதுக்குள் அவரை மன்னித்தபடியே டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினார்.

மஞ்சள் ஃபோல்டர். 'கேஸ்கள்'. மூலையில் வளைந்த அம்புக்குறி.

"தம்பி, இதை வீட்டுல திறந்து பாத்தீங்களா?"

"இல்ல அக்கா. பயமா இருந்துது."

அளவைச் சொன்னார். அம்புக்குறிக்கு அர்த்தத்தையும் சொன்னார். வழிகாட்டும் பலகை என்று டிசைனர் சொன்னதையே சொன்னார். மச்சான் திரையைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், கடைசியில் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார். மூன்று வருடத்து டிக் ஒவ்வொன்றும் அவர் முகத்தில் ஏறி இறங்கியது.

"அப்ப நான் திருடவே இல்லையா?" என்றார் மெதுவாக.

"முயற்சி பண்ணீங்க."

"இதை மாமாகிட்ட..."

"எதைச் சொல்றது? ரெண்டு கேபியையா?" அக்கா டிஸ்க்கைச் செய்தித்தாளிலேயே சுற்றிக் கொடுத்துவிட்டார். அன்று மாலைவரை மச்சான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளினிக்குகளுக்கு ஃபோன் போட்டார். நன்றாகவே பேசினார். ஆட்களைத் தாஜா செய்வதில் அவருக்கு இருந்த திறமை அதுவரை கம்ப்யூட்டர் அறையில் வீணாகிக் கிடந்தது.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு மீண்டு வந்தது. மூன்று பேர் மட்டும் மறுபடி போய் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. பழையதில் ஒன்பதாயிரம். மிச்சம் போனது போனதுதான்.

எல்லாம் ஓரளவு அடங்கியதும் ஆலோசகர் வந்து நிகழ்வு அறிக்கை எழுதினார். திட்டத்தில் குறை எதுவும் இல்லை என்று கண்டார். ஆனால் விதிமீறல்கள் இரண்டு இருந்தன. டெலிவரிக்காரர் நோயாளிகளின் விவரத்தைச் சொந்த ஃபோனில் வைத்திருந்தது, எழுபத்தோராம் பக்கப்படி குற்றம். டிசைனர் ஃபைல்களை வெளியே எடுத்துப்போனது, அதே பக்கத்தின் அடுத்த வரிப்படி குற்றம். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் பரிந்துரைத்தார். கடிதத்தை அடிக்க வேண்டியவர், வழக்கம்போல, அக்கா.

அடித்தார். பிழை இல்லாமல் அடித்து, இரண்டையும் முதலாளி முன்னால் வைத்தார்.

"இன்னொரு தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

முதலாளி படித்தார். பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி படித்தார். கம்பெனியை மிச்சப்படுத்திய இரண்டு காரியத்துக்கும் தண்டனை என்று அதில் அவருடைய பெயரிலேயே எழுதியிருந்தது.

"அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு சார்" என்றார் அக்கா. "யாரோட வாயோ அண்ணன் ஃபோன்ல இருக்கக் கூடாது. ஃபோட்டோவை நான் அழிக்கச் சொல்றேன். இனிமே சீட்டுல பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போடலாம். ஆனா கடிதம் வேண்டாம்."

முதலாளி கடிதங்களைக் கிழிக்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்குத் துணிச்சல் கிடையாது. டிராயரில் போட்டு மூடினார். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"சரி, இனிமே என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அக்கா சொன்னது அரைப் பக்கம்கூட வராது. புது சர்வர் உயரத்தில், சலவைக் கடைக்கு நேர் கீழே இல்லாத இடத்தில். மூன்று டிஸ்க். ஒன்று இங்கே, ஒன்று தெரு முனையில் இருக்கும் கிளினிக்கின் இரும்பு அலமாரியில், ஒன்று இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் பயணத்தில். பூட்டுப் போட்ட டிஸ்க், பாஸ்வேர்ட் மூன்று பேரிடம். காப்பி எடுப்பது டிசைனர், அவருக்கு அதற்கென்று தனிச் சம்பளம். மச்சான் டாக்டர்களோடு பேசும் வேலைக்கு மாற்றம். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பழைய நம்பரைச் சொல்வார். அந்தக் கேஸை டிஸ்க்கிலிருந்து எடுத்து, மலிவான கட்டியில் ஒரு பல்லைச் செதுக்கி, முதலாளி மேஜையில் வைக்க வேண்டும். பல் வந்தால் பேக்கப் இருக்கிறது. பல் வரவில்லை என்றால் இல்லை. படிவம் கிடையாது, டிக் கிடையாது.

"ஆடிட்டருக்கு என்ன காட்டறது?" என்றார் முதலாளி.

"பல்லைக் காட்டுங்க சார்."

முதல் வெள்ளிக்கிழமை ஒரு கடைவாய்ப் பல் வந்தது. இரண்டாம் வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருந்தது, சனிக்கிழமையே சரிசெய்துவிட்டார்கள். வெறும் மேஜையைப் பார்த்து முதலாளிக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. பதினெட்டு சான்றிதழும் சேர்ந்து ஒருநாளும் அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்ததில்லை. டிசைனர் இன்டர்வியூவில் தேறி, கடைசியில் போகவில்லை. ஆலோசகர் மட்டும் இன்னும் மேடை மேடையாக, தன் திட்டத்தால் பிழைத்த ஒரு பல் செட் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவருவதாகக் கேள்வி.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் ஒரு கிளினிக்கிலிருந்து ஃபோன். பாடம் நடத்தும் ஒரு வாத்தியாருக்கு வகுப்பிலேயே முன்பல் உடைந்துவிட்டதாம். மூன்று வருடத்துக்கு முந்தின கேஸ். பழைய ஃபைல் இருக்குமா?

"நம்பரைச் சொல்லுங்க" என்றார் அக்கா. எழுதிக்கொண்டார். திருப்பிப் படித்துச் சரிபார்த்தார். டிசைனர் அறைக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தார். டிசைனர் தட்டினார். ஒன்பதாயிரத்தில் அது இருந்தது. திரையில் வாத்தியாரின் மேல்வரிசை மெதுவாகச் சுற்றியது, நடுவில் சற்றே கோணலாக, அவருடைய சொந்தக் கோணலோடு அந்த முன்பல்.

"நேர் பண்ணிடவா அக்கா?"

"வேண்டாம். இருந்த மாதிரியே இருக்கட்டும்" என்றார் அக்கா.

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் பெட்டி எடுக்க அலமாரிப் பக்கம் நடந்தார்.